சின்னப்பொட்டலில் பஸ் நிற்காது

பத்து நாற்பதுக்குக் கிளம்பவேண்டிய பஸ் பத்து நாற்பதுக்குக் கிளம்பியதாக ஒத்தவேலம்பட்டியில் யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் சீனியம்மாள் பத்தேகாலுக்கே ஏறி இடது பக்கம் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்ட பிறகுதான் உறைத்தது, இதே சீட்டு, போன மாசியிலும் இதே சீட்டுதான், கம்பியில் அதே இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, விரல் தானாகப் போய் அங்கே உரிக்கிறது. எழுந்து வலது பக்கம் போய்விடலாம். வலது பக்கம் உட்கார்ந்தால் வழியில் இருக்கிற சின்னப்பொட்டல் கண்ணில் படாது, அந்த மரம் படாது. படாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? ஒரு வருஷமாக எத்தனை தடவை கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தாயிற்று, மூடிய கண்ணுக்குள்ளேதான் அது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. இந்த வாரம் ஆறு நாளும் ட்ரிப் பிரித்துவிடுகிற குருநாதண்ணனிடம் கெஞ்சிச் சாயந்திர ட்ரிப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அந்த நேரத்தில் பொட்டல் மங்கிக் கிடக்கும், மரமும் ஆளும் ஒன்றாகத் தெரியும். ஏழாவது நாள் அவரும் முகத்தைச் சுளித்துவிட்டார். "உனக்கு மட்டும் என்ன சலுக, பகல்ல பஸ் ஏறுனா கடிச்சிருமா?" என்றார். கடிக்கத்தான் செய்யும் அண்ணே என்று சொல்லவா முடியும்? எழுந்துவிடலாம் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் வலது பக்கம் நிறைந்துவிட்டது, அவள் பக்கத்திலும் இரண்டு பேர் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், மடியில் முறம், முறத்தில் உடைக்காத புளி. படிக்கட்டில் மாடத்தி மதினியின் சத்தம் கேட்டது, சீனியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி, ஆள் வருமுன்னே சத்தம் வரும். "ஏ சீனி, எனக்கு எடம் புடிச்சு வச்சிருக்கியா?" "இல்ல மதினி, ரெண்டு பேரு உக்காந்துட்டாக, பின்னால பாருங்க." "ஆமா, நீ கலெக்டரு மாதிரி சன்னலோரமா உக்காந்துக்கோ, நான் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வாரேன்." பஸ் பூராவும் சிரித்தது. சீனியம்மாளும் சிரித்தாள், உதடு மட்டும்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெப்போவிலிருந்து ஒரு காகிதம் வந்தது, ஆள் ஏறாத ஊருக்கு பஸ் விடமுடியாது, ட்ரிப்புக்கு நாற்பது தலையாவது இருக்கவேண்டும், வருஷத்துக்கு ஒரு வாரம் ஆள் வந்து எண்ணிப் பார்ப்போம் என்று. பால் சொசைட்டி குருநாதன் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். நாலாவது தடவை படித்தால் எழுத்து மாறிவிடுமா என்ன, கடைசியில் கம்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பது போல பஸ்ஸுக்கும் முறை வைத்துவிட்டார்கள். இன்றைக்கு இந்த இருபது வீடு, நாளைக்கு அடுத்த இருபது வீடு, சொசைட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதிப்போடுவார்கள். முறை வந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் ஏறவேண்டும், டவுனில் இறங்கி நிழலில் நிற்கவேண்டும், அதே பஸ்ஸில் ஏறித் திரும்பவேண்டும். பொம்பளைகளுக்குச் சீட்டு இலவசம் என்பதால் முறை பூராவும் பொம்பளைகள் தலையில் வந்து விழுந்தது, ஆம்பளைகள் நல்ல யோசனை நல்ல யோசனை என்று எழுந்து போய்விட்டார்கள். டவுன் பஸ் ஸ்டாண்டில் ஒத்தவேலம்பட்டிப் பொம்பளைகளை எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரியும், கும்பலாக வருவார்கள், எதுவும் வாங்கமாட்டார்கள், புளி உடைத்துக்கொண்டு நிற்பார்கள். எண்ணிக்கை வாரம் என்றால் முறைக்கணக்கெல்லாம் கிடையாது, நடக்க முடிகிற பொம்பளை அத்தனை பேரும் தினமும் ஆளுக்கு ஒரு ட்ரிப்பாவது ஏறவேண்டும். இன்றைக்கு அந்த வாரத்தின் கடைசி நாள். டெப்போ ஆள் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார், வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே திரும்பித் திரும்பி எண்ணுகிறார். கண்டக்டர் அருணகிரிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், ஒவ்வொருத்தியிடமும் "எங்கக்கா போகணும்?" என்று புதிதாகக் கேட்பது போலக் கேட்டுச் சீட்டு கிழித்துத் தருகிறான், நல்ல பிள்ளை.

எஞ்சின் உறுமியது, பஸ் குலுங்கியது, குலுங்கியதில் எண்ணமும் குலுங்கி வழக்கமான இடத்தில் போய் விழுந்தது. கணக்கு. பஸ் ஏறினாலே சீனியம்மாளுக்கு ஊரை எண்ணும் நோய் வந்துவிடும். மேலத்தெருவில் ஆரம்பிப்பாள். முதல் வீடு முத்தழகு, ஒண்டி ஆள், ஒன்று. அடுத்தது பூட்டு. அடுத்தது பூட்டு. ராசாமணி வீட்டில் மூன்று, ஆக நான்கு. பூட்டு. வாத்தியார் வீடு பூட்டு, அந்தப் பூட்டுத் துருப்பிடித்து இனிச் சாவி போட்டாலும் திறக்காது. கோவில் வீட்டில் ஐந்து, ஒன்பது. இப்படியே வந்து தன் வீட்டு வாசலில் தடுக்கி நிற்பாள். ரேஷன் கார்டில் நான்கு பேர், அடுப்பில் இரண்டு பேருக்குத்தான் உலை. மகனையும் மருமகளையும் எண்ணுவதா விடுவதா? எண்ணினால் ஊருக்கு நூற்றுத் தொண்ணூறு, விட்டால் நூற்று எண்பத்தெட்டு. திருப்பூரில் இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எண்ண வாய் வரமாட்டேன் என்கிறது. அவனை எண்ணினால் ராசாமணியின் வெளியூர் மக்கள் மூன்று பேரையும் எண்ணவேண்டும், வாத்தியார் வீட்டையும் எண்ணவேண்டும், அப்புறம் ஊர் எல்லையில் இருக்கிற போர்டு சரி என்று ஆகிவிடும். அந்தப் போர்டு இதோ வருகிறது, புதர் மறைத்த பஞ்சாயத்து போர்டு, ஒத்தவேலம்பட்டி, மக்கள்தொகை 612. யார் எப்போது எண்ணியதோ. ஆறும் ஒன்றும் அழியவில்லை, இரண்டுதான் பாதி அழிந்திருக்கிறது. அந்த 612-இல் சின்னப்பொட்டலும் சேர்த்தி. போர்டில் சேர்த்துக்கொண்டோம், பஸ்ஸில் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த நினைப்பு வந்ததும் அவள் அவசரமாக மறுபடி மேலத்தெருவுக்கு ஓடினாள், முத்தழகு, ஒன்று, பூட்டு, பூட்டு.

பஸ் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்காரர் அய்யாத்துரைக்குச் சர்க்கரை, வலது கால் கட்டைவிரலில் ஆறாத புண், வியாழன் விட்டு வியாழன் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றி மாத்திரை வாங்கவேண்டும். தார் ரோடு ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அவர் கொல்லைக்கு நடந்துபோகவே சுவரைப் பிடிக்கிறார். பஸ் இல்லை என்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான், மகன் வீடு, திருப்பூர், கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் அடுப்பு. மருமகள் நல்லவள், நல்லவளாக இருப்பதுதான் கஷ்டம், அவள் இரண்டு ஷிப்ட் முடித்து வந்து தரையில் படுத்துக்கொண்டு மாமியாருக்குக் கட்டிலைத் தருவாள், அதில் எப்படிப் படுப்பது? "வந்துருங்கம்மா, அங்க என்ன இருக்கு" என்கிறான் மகன். இங்கே இருப்பது நூற்று எண்பத்தெட்டுப் பேர். நாங்கள் இரண்டு பேர் போனால் நூற்று எண்பத்தாறு. ஒரு விளக்கு அணையும், முறைச் சுவரில் ஒரு வீட்டை அழிப்பார்கள், அழித்தால் ட்ரிப்புக்குத் தலை குறையும், தலை குறைந்தால் பஸ் போகும், பஸ் போனால் முத்தழகு மகள் வீட்டுக்குப் போய்விடுவாள், பிறகு ராசாமணி. ஆள் போவதால் பஸ் நிற்கிறதா பஸ் நிற்பதால் ஆள் போகிறதா என்று அவள் எத்தனையோ ராட்டினம் சுற்றிப் பார்த்துவிட்டாள், இறங்குகிற இடம்தான் கிடைக்கவில்லை. அதனால் இன்றைக்கு, கடைசி நாளில், ஒன்றும் ஆகிவிடக்கூடாது. அந்த நோட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாது. இத்தனை பேரும் வேலையில்லாமல் போய்விட்டு வருகிறவர்கள் என்று தெரிந்தால், நோட்டை மூடிவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பேசாமல் உட்கார். பேசாமல் உட்கார்ந்து டவுன் போய், நின்று, திரும்பி வா. ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

பேசாமல்தான் உட்கார்ந்திருந்தாள் போன மாசியிலும். இதே கூட்டம், நிற்க இடமில்லை, சின்னப்பொட்டல் கருவேலமரத்தடியில் ஒருத்தி நின்றாள். பச்சைச் சேலை. இடது கையில் மார்போடு ஒரு பொதி, வலது கையை நீட்டி நீட்டி ஆட்டினாள், நில்லுங்க நில்லுங்க என்று. ஏறக் காலிடமில்லை, அருணகிரி இரண்டு விசில் ஊதினான், டிரைவர் ஹாரனை அழுத்தி அவளை ஓரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டு மிதித்தார். ஜன்னல் அவளைக் கடந்தபோது இரண்டு முழ தூரம்தான். அவள் சீனியம்மாளை நேராகப் பார்த்தாள். அப்போது, அந்த நேரத்தில், சீனியம்மாளின் கை மேலே போயிற்று. மேலே போய் ஆடியது. டாட்டா. யாராவது கையாட்டினால் நாமும் ஆட்டுவோமே, சின்னப் பிள்ளையில் ரோட்டோரம் நின்று லாரிக்கெல்லாம் ஆட்டிய கை, அது யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டுவிட்டது. கையைக் கீழே இறக்கிப் பார்த்தாள், தன் கைதான், வளையல் தன் வளையல்தான். சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். "துணிப் பொதியாத்தான் இருக்கும், வெளுக்கப் போடக் கொண்டு போயிருப்பா, நீ ரசத்த ஊத்து" என்றார். துணிப் பொதி. துணிப் பொதியை யாராவது தலையைத் தாங்கிப் பிடிப்பார்களா? அவள் உள்ளங்கை விரிந்து ஒரு உருண்டையைத் தாங்கியிருந்தது. இல்லை, தாங்கியிருந்ததா, அப்படி நினைத்துக்கொள்கிறோமா? சில நாள் அது துணியாக இருக்கும், சீனியம்மாளுக்குச் சோறு இறங்கும். சில நாள் அந்தத் துணிக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலை அன்றைக்குப் பார்த்தோமா, பிறகு நாமே வைத்துக்கொண்டோமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டுவிடலாம், நாலு கிலோமீட்டர்தான், ஒரு வருஷத்தில் ஒரு நாள் நடந்துபோய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். அதுதான் பயம்.

முதன்முதலில் முறை வைத்த கூட்டத்தில் அவளுக்கு வாய்வரை வந்தது, பொட்டல்காரர்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன, அவர்களும் டவுனுக்குப் போகிறவர்கள்தானே, நிஜமாகவே போகிறவர்கள். வந்த சொல்லை அவள் விழுங்கிவிட்டாள், ஆனால் ராசாமணி கேட்டேவிட்டாள். குருநாதன் காகிதத்தை மடித்துக்கொண்டே, "அது நம்ம ஊர்க் கணக்குல வராதும்மா" என்றார். மாடத்தி மதினி மூக்கைச் சுருக்கினாள். "அவுக கூட உரசிக்கிட்டு உக்காந்து போகணுமாக்கும்." எல்லாருக்கும் வீட்டில் வேலை இருந்தது, எழுந்துவிட்டார்கள். மதினி மோசமானவள் இல்லை. சீனியம்மாளுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவருகிறவள் அவள்தான். ஆனால் கஞ்சிச் சட்டி போகிற தெருக்களுக்கும் ஒரு எல்லை உண்டு, சட்டி அங்கே வந்ததும் தானாகத் திரும்பிவிடும், யாரும் திருப்பவேண்டியதில்லை. தலை வேண்டும் தலை வேண்டும் என்று நாலு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் ஒப்பாரி வைத்தோம், அந்தப் பக்கம் தலைகள் மரத்தடியில் நின்றன. வேலையில்லாதவர்களை ஏற்றி நிரப்பி, வேலை இருக்கிறவர்களைக் கடந்து போகிற பஸ். இதை நினைத்தால் சீனியம்மாளுக்குச் சிரிப்புக்கூட வரும், அந்தப் பச்சைச் சேலை மட்டும் நடுவில் நிற்காவிட்டால்.

ஓடைப் பாலம் வந்துவிட்டது. பாலத்துக்கு அப்புறம் ஒரு மேடு, மேட்டில் ஏறினால் பொட்டல். யாரும் நிற்கக்கூடாது. அய்யனாரே, இன்றைக்கு ஒரு நாள் அந்த மரத்தடியில் ஒரு ஆடுகூட நிற்கக்கூடாது. நின்றால் என்ன செய்யமுடியும், நிறுத்துங்கள் என்றால் யார் கேட்பார்கள், கூட்டம் நிறைந்துவிட்டால் ஏற்றுவதற்கு நிறுத்தமாட்டார்கள், அதுதான் பஸ் வழக்கம். ஏற்றுவதற்கு நிற்காது. மேட்டில் கியர் மாறியது, பஸ் முனகியது, முனகலுக்கு நடுவில் அந்த நினைப்பு அவளுக்குள் எழுந்தது. ஏற்றுவதற்கு நிற்காத பஸ் இறக்குவதற்கு நின்றுதானே ஆகவேண்டும்? ஒரு வருஷமாக இது ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா? இறங்கினால் நோட்டுக்காரர் பார்ப்பார், கேட்பார், டவுனுக்குச் சீட்டு வாங்கியவள் பொட்டல்காட்டில் ஏன் இறங்குகிறாள் என்று நூல் பிடித்துப் போவார், முறை வெளியே வரும், பஸ் போகும், கட்டைவிரல் போகும், திருப்பூர். வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லலாம். சொந்தக்காரர் வீடு என்று சொல்லலாம், இந்த ஊரில் தனக்குச் சொந்தக்காரர் என்றால் பஸ் பூராவும் வாயைப் பிளக்கும். வேண்டாம். யாரும் நிற்கமாட்டார்கள். கண்ணை மூடிக்கொள். மூடினாள். மூடிய கண்ணுக்குள் கை ஆடியது, தன் கை. திறந்தாள்.

ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். நீலச் சேலை, தோளில் ஒரு பை, கையை நீட்டி ஆட்டுகிறாள். அதே முகமா? முகம் தெரியவில்லை, ஆனால் அந்த நீட்டல், நில்லுங்க நில்லுங்க, அது அதேதான். அருணகிரி விசிலை வாய்க்குக் கொண்டுபோனான்.

"இறக்கம்!"

யார் கத்தியது என்று சீனியம்மாளே திரும்பிப் பார்க்கப் போனாள். "இறக்கம் இருக்கு, நிறுத்துப்பா!" எழுந்துவிட்டாள், முறத்தில் இடித்துவிட்டாள், புளி சிதறியது, "ஏ, என்னத்தா இது" என்று யாரோ வைதார்கள். அருணகிரி கூட்டத்துக்குள் கழுத்தை நீட்டி, குரலைத் தாழ்த்தினான். "என்னக்கா வெளையாடுறீக? இன்னைக்குக் கடேசி நாளு." "தெரியும்பா, ஒத்த விசிலு ஊது." அவன் அவளை ஒரு கணம் பார்த்தான், ஒற்றை விசில் ஊதினான். பஸ் மரத்தைத் தாண்டிப் போய் நின்றது. முழங்கைகளையும் கூடைகளையும் விலக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வருவதற்குள் நோட்டுக்காரர் நிமிர்ந்துவிட்டார். "என்னம்மா, இதுக்குள்ள இறங்கிட்டீங்க?" வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எனக்கு இங்கதான் வேல" என்று வந்தது. இரண்டு வருஷமாக இந்த பஸ்ஸில் போகிறாள், அவள் சொன்ன முதல் உண்மை. அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் ஒன்றை அடித்தார். அதற்குள் நீலச் சேலைக்காரி ஓடிவந்து மூச்சிரைக்கப் படியில் கால் வைத்துவிட்டாள், அவளைப் பார்த்ததும் அடித்ததற்குப் பக்கத்திலேயே ஒன்றை எழுதினார். அவ்வளவுதான். ஒரு தலை இறங்கிற்று, ஒரு தலை ஏறிற்று, கணக்கு இம்மி பிசகவில்லை. இதற்குத்தானா ஒரு வருஷம்! படியில் இருவரும் உரசிக்கொண்டு நின்றார்கள், ஒருத்தி ஏற, ஒருத்தி இறங்க. "ஏறு தாயி, எடம் இருக்கு" என்றாள் சீனியம்மாள். அவள் ஏறாமல் உற்றுப் பார்த்தாள். கோபமாகவெல்லாம் இல்லை, தெரிந்த முகத்தைத் தேடுகிற பார்வை. "நீங்க அன்னைக்கு டாட்டா காட்டுனவுகதானே?" என்றாள். இரண்டு விசில். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது, தோளில் பை மட்டும்தான், பொதி இல்லை, பொதி எங்கே, கேட்கவில்லையே.

புழுதி அடங்கியபோது சின்னப்பொட்டல் எதிரே இருந்தது. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் அவள் இந்த மண்ணில் கால் வைத்ததில்லை. ஒன்பது வீடு, ஒன்றிலும் பூட்டு இல்லை. தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்துச் சேலையைச் சரிசெய்தாள். "யாரு வேணும்?" "யாரும் வேண்டாம் தாயி, பஸ்ஸு திரும்பி வார வரைக்கும் நிக்கேன்." "வெயில்ல எதுக்கு, இப்படி வாங்க." சொம்பை அலம்பித் தண்ணீர் பிடித்து நீட்டினாள், நீட்டியவள் எதையோ நினைத்துக்கொண்டு கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். சீனியம்மாள் எட்டி வாங்கிக்கொண்டாள். உப்புத் தண்ணீர்தான், ஊர்த் தண்ணீரும் இதே உப்புதான். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டாள். "இப்ப பஸ்ஸு ஏறுனாளே, அந்தப் பிள்ள, அவளுக்குக் கைப்பிள்ள உண்டுமா?" "முனீஸ்வரியா? ஒரு பையன். ஏன் கேக்கீக?" சீனியம்மாள் சொம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கானா?" "இருக்கான், டவுன்ல இருக்கான். அவனுக்கு மூச்சு இளைக்கும். போன வருசம் ஒரு நாளு ரொம்ப மோசமாயிருச்சு, பஸ்ஸு நிக்கல. தூக்கிக்கிட்டே தார் ரோடு வரைக்கும் அஞ்சு கிலோமீட்டரு ஓடுனா. நல்ல நேரம், பொழச்சுக்கிட்டான். ஆனா அதுக்குப் பெறகு இங்க வச்சுக்கத் தைரியம் வரல. எப்ப நிக்கும் எப்ப நிக்காதுன்னு தெரியாத பஸ்ஸ நம்பி எப்படி வச்சுக்கிறது? டவுன்ல ஆத்தா வீட்டுல விட்டுட்டா, வாரத்துக்கு ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வருவா. இந்த வாரம் பூரா நின்னு நின்னு பாத்தா, இன்னைக்குத்தான் நின்னிருக்கு." அவள் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "பிள்ள ஆத்தாவத்தான் இப்ப அம்மான்னு கூப்பிடுதாம்." துணிப் பொதி இல்லை. பிழைத்துவிட்டான், பிழைத்துவிட்டான் என்று நெஞ்சு ஒரு பக்கம் குதித்தது, இன்னொரு பக்கம் வலித்தது. ஊரில் ஒரு தலை குறையாமல் இருக்கத்தான் பஸ்ஸை நிரப்பினார்கள், நிரப்பியதில் ஒரு தலை குறைந்துபோயிற்று, அதுவும் எல்லாரிலும் சின்னத் தலை. அவள் கேட்டாள், "இங்க மொத்தம் எத்தன பேரு இருக்கீக?" "எதுக்கு? கணக்கெடுக்கவா வந்தீக?" "ஆமா" என்றாள் சீனியம்மாள். அந்தப் பெண் சிரித்தாள், ஈரக் கையை மடக்கி எண்ணினாள். "முப்பத்தொண்ணு. முனீஸ்வரி மவன விட்டா முப்பது."

பஸ் திரும்புகிற நேரம் பார்த்து ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தூரத்தில் புழுதி எழுந்தது, ஹாரன் கேட்டது. கையை நீட்டினாள். நீட்டியபோதுதான் தெரிந்தது, இப்படி நீட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு வெட்கம், நிற்குமா நிற்காதா என்று தெரியாமல் கை மட்டும் காற்றில். நில்லுங்க. பஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. உள்ளே அதே கூட்டம், படியில்கூட ஆள், அருணகிரி எங்கோ நடுவில் புதைந்திருந்தான். ஆட்டினாள், நில்லுங்க நில்லுங்க. இரண்டு விசில். பஸ் இரண்டு முழ தூரத்தில் அவளைக் கடந்தது, மூன்றாவது ஜன்னலில் மாடத்தி மதினி, மடியில் புளிமுறம். சீனியம்மாளைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது, வாய் திறந்தது, கை மேலே போயிற்று. மேலே போய் ஆடியது.

பஸ் மேட்டில் இறங்கி மறைந்தது. சீனியம்மாள் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். மதினி மேல் கோபம் வரவில்லை, அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாதி வழியில் இறங்கியவள் நடந்தே வீடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்திருப்பாள், திடீரென்று பார்த்ததும் கை தூக்கிக்கொண்டது, இந்நேரம் அந்தக் கையைக் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். நாலு கிலோமீட்டர். சாயந்திரம் மதினி வருவாள், வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவாள், நல்லா டாட்டா காட்டுனேனா சீனி என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு கையைப் பிடித்து சொசைட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், குருநாதண்ணனிடம் சாக்பீஸை வாங்கவேண்டும். உரசிக்கொண்டு உட்காருவதா என்று மதினி மூக்கைச் சுருக்குவாள், குருநாதண்ணன் கணக்கில் வராது என்பார், இந்தத் தடவை வாய்வரை வந்ததை விழுங்கக்கூடாது. ஒன்பது வீட்டையும் சுவரில் எழுதவேண்டும். எத்தனை தலை என்று கேட்பார்கள். முப்பது என்று சொல்லக்கூடாது, முப்பத்தொன்று என்று சொல்லவேண்டும். பாலம் வரை அதையே சொல்லிக்கொண்டு நடந்தாள், முப்பத்தொன்று, முப்பத்தொன்று.